அடைப்பு இல்லாமலேயே தளரும் இதயம்: சர்க்கரை நோயாளிகள் அறிய வேண்டிய பாடம்





நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவோடும் ஒரு கட்டு ரிப்போர்ட்டுகளும் வரும். அவற்றைப் படித்து, ஒழுங்குபடுத்தி, நிர்வாகக் குழுவின் முன் வைப்பது செயலாளரான என் பொறுப்பு. அப்படி வந்த மனுக்களில் ஒன்று என் மனதை விட்டு நீங்கவில்லை. சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். மற்ற வீடுகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் அவர் அனுமதி தந்தார்.

அவருக்கு வயது 54. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, ஆனால் ஒழுங்காக இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பு தொழுகையில் ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் குனியும்போது மூச்சு முட்ட ஆரம்பித்தது. முட்டி வலியும் இருந்ததால், வயதாகிவிட்டது என்று நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார். பிறகு மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்கியது. ஆகவே மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கால் வீங்கியது. நின்றுகொண்டே சமைப்பதால் என்று நினைத்தார். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு படுக்கவே முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினார். நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 30 சதவீதம்தான் இருந்தது. சாதாரணமாக அது 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சைக்குப் பின் இப்போது தேறி வருகிறார்.

மனுவைக் கொண்டுவந்த அவருடைய மகன் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஆஞ்சியோ எடுத்துட்டாங்க மாமா. அடைப்பே இல்லைன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு ஒருநாள்கூட நெஞ்சு வலி வந்ததில்லை. அப்புறம் எப்படி ஹார்ட் இவ்வளவு வீக் ஆச்சு?"

நியாயமான கேள்வி. அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

குழாய் வேறு, மோட்டார் வேறு

வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். குழாயில் அடைப்பு இருக்கலாம். அல்லது மோட்டாரே பழுதாகியிருக்கலாம். இதயமும் அப்படித்தான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு ஏற்படுவதுதான் நாம் எல்லோரும் அறிந்த மாரடைப்பு. ஆனால் சர்க்கரை நோய் குழாயை மட்டும் கெடுப்பதில்லை. இதயத்தின் தசையையும் நேரடியாகக் கெடுக்கிறது.

இதை மருத்துவ உலகம் தனி நோயாகக் கண்டுகொண்டது 1972-இல். நியூயார்க்கில் ரூப்ளர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், சர்க்கரை நோயோடும் இதயத் தளர்ச்சியோடும் இறந்துபோன நான்கு பேரின் இதயங்களை ஆராய்ந்தார்கள். பெரிய அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் தசை தடித்து, இடையிடையே நார் படிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974-இல், அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் பல்லாண்டுகளாக நடந்துவந்த ஆய்விலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு, சர்க்கரை இல்லாத ஆண்களைவிட இதயத் தளர்ச்சி வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. பெண்களுக்கோ ஐந்து மடங்கு.

அந்த ஐந்து மடங்கை நம் வீட்டு ஆண்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர்களும், தம் மாத்திரையைத் தள்ளிப் போடுகிறவர்களும், மூச்சு வாங்கினாலும் வாய் திறக்காதவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

கல்லாப்பெட்டியும் டிராயரும்

தசை ஏன் தளர்கிறது என்று புரிந்துகொள்ள, அதன் உள்ளே இருக்கும் சில இயற்கையான பொருள்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலிக் காசின் பெயர் ஏ.டி.பி., அதாவது அடினோசின் ட்ரைபாஸ்பேட். நாம் சாப்பிடும் சோறு, எண்ணெய், கறி எல்லாம் கடைசியில் இந்தக் காசாக மாறினால்தான் தசை அசையும். சுமார் 300 கிராம் எடையுள்ள இதயம் ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி. ஏறத்தாழ 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த நேரத்திலும் அதன் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் போதும். சுப்ஹானல்லாஹ்! நாம் தூங்கும்போதும் இந்த வரவும் செலவும் நிற்பதில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஏ.டி.பி. என்பது கல்லாவில் இருக்கும் சில்லறை. கூட்டம் அதிகமானால் சில்லறை சட்டென்று தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் வங்கிக்கு ஓட முடியாது. அதனால் கையெட்டும் டிராயரில் ஒரு சில்லறைக் கட்டு வைத்திருப்போம். இதயத் தசையில் அந்த டிராயர்க் கட்டின் பெயர் பாஸ்போகிரியேட்டின். கல்லா குறையும்போது அது நொடியில் நிரப்பிவிடும்.

பாஸ்போகிரியேட்டினை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் அதன் கழிவை உங்கள் லேப் ரிப்போர்ட்டில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். "கிரியாட்டினின் எவ்வளவு?" என்று நாம் பயத்தோடு கேட்கிறோமே, அது தசைகளில் உள்ள கிரியேட்டினும் பாஸ்போகிரியேட்டினும் தேய்ந்து உண்டாகும் கழிவுதான். அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற முடியாதபோது ரத்தத்தில் ஏறுகிறது. ஆக, நம் உடம்பின் சேமிப்புக் கணக்கில் ஒரு வரி ஏற்கெனவே நம் கையிலிருக்கும் காகிதத்தில் இருக்கிறது.

சென்னையில் படித்தவர் கண்ட அளவுகோல்

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருள்களை முதன்முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளித் தேர்வில் இரண்டு முறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை தேறியவர். பிறகு மாநிலக் கல்லூரியிலும், சென்ட்ரல் அருகே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் தள்ளியது.

1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். போவதற்கு அவர் கையில் பணமில்லை. மாமனார் திரட்டிக் கொடுத்த தொகையும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன உதவியும்தான் அவரைக் கப்பலேற்றின. அங்கே போயும் வயிற்றுப் பிழைப்புக்காக மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-இல் பாஸ்பரஸை அளக்க ஓர் எளிய முறையை வெளியிட்டார். பாஸ்பேட் உள்ள கரைசலில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு ஆழமோ, பாஸ்பரஸ் அவ்வளவு. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

அந்த முறையைத் தசைச் சாற்றில் வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. நீல நிறம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. மெதுவாக வந்தது. ஏதோ சிறு பிழை என்று அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. ஏன் தாமதம் என்று தேடினார்கள். பாஸ்பரஸின் ஒரு பகுதி வேறொரு பொருளோடு கட்டுண்டு கிடந்து, மெல்ல மெல்ல விடுபடுவதுதான் காரணம் என்று கண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். ஆண்டு 1927. இங்கிலாந்திலும் அதே காலத்தில் இதைக் கண்டறிந்தார்கள். 1929-இல் அவர்கள் தசையிலிருந்து ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதைக் கண்டார். சுப்பாராவ் 1948-இல் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, 1995-இல், இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

உயிருள்ள இதயத்தில் அளப்பது எப்படி?

உடல் தசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதிக்கலாம். துடித்துக்கொண்டிருக்கும் மனித இதயத்திலிருந்து அப்படி எளிதில் எடுக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் முதலில் எலிகளிடம் போனார்கள். ஒரு குறிப்பிட்ட மருந்தைச் செலுத்தி எலிக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கி, அதன் இதயத் தசையில் எந்தப் பொருள் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளப்பது வழக்கமான முறை. நம் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் உயிர்வேதியியல் துறைகளிலும் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் பல ஆய்வுகள் நடந்துள்ளன.

அப்படி அளந்த பொருள்களில் ஒன்று கார்னிடைன். கொழுப்பை எரிக்கும் அறைக்குள் அதைச் சுமந்து கொண்டுபோகும் கூலியாள் என்று இதைச் சொல்லலாம். சர்க்கரை நோய் வந்த எலிகளின் இதயத்தில் கார்னிடைன் குறைந்துவிடுகிறது என்று 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மனிதர்களில் அளக்க வழி திறந்தது எம்.ஆர்.ஐ. வந்த பிறகு. எம்.ஆர்.ஐ. போன்ற காந்தக் கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தினால், இதயத்துக்குள் இருக்கும் பாஸ்பரஸ் பொருள்களின் சமிக்ஞையை வெளியிலிருந்தே வாங்கலாம். கத்தி இல்லை, ஊசி இல்லை. சுப்பாராவ் சோதனைக் குழாயில் அளந்த அதே இரண்டு பொருள்களை, உயிரோடு படுத்திருக்கும் மனிதரின் இதயத்தில் அளக்க முடிகிறது. டிராயரில் உள்ள கட்டுக்கும் கல்லாவில் உள்ள சில்லறைக்கும் என்ன விகிதம் என்று பார்க்கிறார்கள்.

2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நமக்கு முக்கியமானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களை அழைத்து அளந்தார்கள். அவர்களுடைய இதயம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த விகிதம் ஆரோக்கியமானவர்களுக்கு 2.3 அளவில் இருக்க, இவர்களுக்கு 1.5 அளவில்தான் இருந்தது. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

2007-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அங்கே இதயத் தசைக்குள் படிந்திருக்கும் கொழுப்பை இதே போன்ற காந்த முறையில் அளந்தார்கள். ஒல்லியான ஆரோக்கியமானவர்களைவிடச் சர்க்கரை நோயாளிகளுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. இன்னும் முழுச் சர்க்கரை நோய் வராமல், எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு இருந்தது. அவர்களுடைய இதயம் அப்போதும் சரியாகவே துடித்துக்கொண்டிருந்தது.

அந்த மகனின் கேள்விக்குப் பதில் இதுதான். வலி வருவதற்கு முன்பே, எக்கோவில் தெரிவதற்கும் முன்பே, இதயத் தசையின் சேமிப்பு கரையத் தொடங்கிவிடுகிறது. நமக்குத் தெரியாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஏன் கரைகிறது?

சாதாரணமாக நம் இதயம் பெரும்பங்கு கொழுப்பையும், மீதிக்குச் சர்க்கரை முதலானவற்றையும் எரித்துக் காசாக்குகிறது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. சர்க்கரை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் தசைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. வாசலில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் உள்ளே அடுப்பில் உலை ஏறாத வீடு போல. ஆகவே இதயம் மேலும் மேலும் கொழுப்பையே நம்ப வேண்டி வருகிறது. கொழுப்பை எரித்து அதே அளவு ஏ.டி.பி. செய்ய, சர்க்கரையைவிட அதிக ஆக்ஸிஜன் தேவை. எரிந்தது போக மிஞ்சும் கொழுப்பு தசைக்குள்ளேயே துளித்துளியாகத் தங்கிக் கேடு செய்கிறது.

இன்னொரு பக்கம், நீண்ட நாள் ஓங்கியிருக்கும் சர்க்கரை தசையின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. விறைத்த தசை முதலில் இழப்பது விரியும் தன்மையை. சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை மறுபடி தளர்ந்து விரிவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். சரியாக விரியாத இதயத்தில் ரத்தம் நிரம்பாது. நிரம்ப முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். அதுதான் மேல்மூச்சு. தள்ளும் திறன் குறைவது பெரும்பாலும் அதற்கும் பிறகு வருகிற கட்டம்.

சர்க்கரையால் நரம்பு மழுங்கியவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். ஆகவே வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைந்ததை வாங்கிக் குடித்தால் போதாதா?

கார்னிடைன் குறைகிறது என்றால் கார்னிடைன் பவுடர் வாங்கிச் சாப்பிட்டால் போதாதா? கோ-என்சைம் க்யூ10 இதயத்துக்கு நல்லது என்று கடையில் விற்கிறார்களே? இப்படிப் பலரும் கேட்கிறார்கள். இந்த க்யூ10 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாட்டின் இதயத்திலிருந்து பிரிக்கப்பட்ட பொருள்தான். உடம்பில் இயற்கையாகவே உள்ளதுதான். ஆனால் டிராயரில் காசு குறைவதற்குக் காரணம் கடையின் வியாபாரமே கெட்டிருப்பது. வெளியிலிருந்து ஒரு நோட்டை உள்ளே போடுவதால் வியாபாரம் சீராகாது. இவற்றில் எதுவும் சர்க்கரை மாத்திரைக்கோ இதய மருந்துக்கோ மாற்றாகாது.

இதைவிட நம் சமுதாயத்தில் அதிகம் பேசப்படுவது கருஞ்சீரகம். அதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம், ஏற்கிறோம். அதே நபி (ஸல்) அவர்கள்தான் நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படியும் ஏவியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுவது ஸுன்னத்தைப் பின்பற்றுவதாகாது.

கருஞ்சீரகத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளியான சவூதி அரேபிய ஆய்வு ஒன்றில், 94 சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் 1, 2 அல்லது 3 கிராம் கருஞ்சீரகம் மூன்று மாதம் கொடுத்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரையின் அளவு குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அவர்கள் அனைவரும் தம் மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றோடு சேர்த்தே எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் குடியுங்கள்" என்று சொல்பவருக்கு அந்த ஆய்விலும் ஆதாரம் இல்லை. கருஞ்சீரகம் எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு எடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை மிகவும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கெட்டது சீராகுமா?

ஆரம்பக் கட்டத்தில் ஓரளவு சீராகும். 2008-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், உடல் பருமனுள்ள 12 சர்க்கரை நோயாளிகளை மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் 16 வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்தார்கள். இதயத் தசையின் கொழுப்பு குறைந்தது. இதயம் விரியும் தன்மையும் மேம்பட்டது. இதை யாரும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் எடையைக் குறைத்தால் அதன் பலன் இதயத் தசை வரை போய்ச் சேர்கிறது என்பதற்கு இது சான்று.

மருந்துகளும் முன்னேறியிருக்கின்றன. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை, ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள 7,020 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2015-இல் வந்தது. இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியாவில் 2025-இல் அதன் காப்புரிமை முடிந்த பிறகு பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

நமக்கான அளவுகோல்கள்

இதயத்தின் பாஸ்பரஸை அளக்கும் கருவி ஆய்வுக்கூடங்களுக்கு உரியது. அது நமக்குத் தேவையில்லை. நமக்கு எட்டக்கூடிய அளவுகள் இவை:

1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஏ1சி. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழ் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்லலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒருநாள் பார்க்கும் சர்க்கரை அன்றைய செய்தி. ஏ1சி மூன்று மாதத்தின் கணக்கு.

2. ரத்த அழுத்தம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 130/80-க்குக் கீழ். சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்தால் இதயத் தசையின் சுமை இரட்டிப்பாகும்.

3. கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கொலஸ்ட்ரால். ஆண்டுக்கு ஒருமுறையாவது.

4. சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆனவர்களும், பி.பி. அல்லது சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களும் ஈ.சி.ஜி., எக்கோ தேவையா என்று கேட்க வேண்டும். இதயம் இழுபடும்போது தானே சுரக்கும் பி.என்.பி. என்ற பொருளை ரத்தத்தில் அளக்கும் சோதனையும் இப்போது உண்டு.

5. ஐந்தாவது அளவுக்குக் காசு வேண்டாம். அது நம் தொழுகை. சென்ற ரமலானில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஸஜ்தா செய்தவருக்கு இந்த ஆண்டு குனிந்தால் மூச்சு முட்டுகிறதா? குனியும்போது மூச்சுத் திணறுவது இதயத் தளர்ச்சியின் ஓர் அடையாளம் என்று 2014-இல் மருத்துவர்கள் தனியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு நடந்து வரும் வழியில் முன்பு நிற்காத இடத்தில் இப்போது நிற்கிறோமா? ஒரு தலையணை போதாமல் இரண்டு வேண்டியிருக்கிறதா? மாலையில் செருப்பின் வார் காலில் பதிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கும் ஒவ்வொருவரும், காரணம் முட்டியா மூச்சா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் பி.பி.யும் பார்த்து, மாத்திரையும் இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மேல் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுத்து வையுங்கள். நோய் வந்த இரவில் அட்டைக்கு அலைய முடியாது.

இது யாரோ சிலரின் பிரச்சினை அல்ல. சென்னையில் வயது வந்தவர்களிடையே சர்க்கரை நோய் 1989-இல் 8.3 சதவீதம். 2004-இல் 14.3 சதவீதம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். டல்லஸில் இதயக் கொழுப்பு அதிகமாக இருந்தது அந்த எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கும்தான் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

ரமலானை முன்னிட்டு

2001-இல் 13 நாடுகளில் முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்தார்கள் என்று தெரிந்தது. அல்லாஹ்வின் கட்டளை மீதுள்ள பற்று அது. ஆனால் அதே ஆய்வில், மருத்துவமனையில் சேரும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போன சம்பவங்கள் ரமலானில் பல மடங்கு கூடியிருந்ததும் தெரிந்தது.

ஆகவே ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப அவர் மாற்றித் தருவார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழ் போனாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இதயம் தளர்ந்துள்ளவர்கள் மருத்துவரின் அனுமதி இல்லாமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகையை ஏற்பதும் இபாதத்துதான். பின்னர் களாச் செய்ய முடிந்தவர் களாச் செய்யலாம். தீராத நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இஃப்தாரில் பேரீச்சம்பழம் ஒன்றும், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியும் போதும். அதற்கு மேல் வடை, சமோசா, ரோஸ்மில்க் என்று அடுக்கினால், பகல் முழுவதும் ஓய்ந்திருந்த உடம்பின் மேல் ஒரே நேரத்தில் சுமையை இறக்குகிறோம்.

முடிவாக

உடலில் ஒரு சதைத் துண்டு சீரானால் உடல் முழுவதும் சீராகும் என்ற கருத்துடைய நபிமொழியை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது உள்ளத்தின் தூய்மை பற்றியது. அந்த உள்ளத்தைச் சுமக்கும் தசையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்தான். அமானிதத்தைக் கணக்குப் பார்த்துத்தான் காக்க வேண்டும்.

நம் அறக்கட்டளை மருத்துவ உதவிக்காகச் செலவிடுவதில் பெரும்பகுதி, நோய் முற்றிய பிறகு கட்டும் மருத்துவமனைக் கட்டணமாகவே போகிறது. முன்கூட்டியே பார்க்கும் ஏ1சி சோதனைக்கு ஆகும் செலவு அதில் மிகச் சிறு பகுதிதான். வசதியுள்ளவர்கள் தம் வீட்டு வேலையாள், வாடகைக்குக் குடியிருப்பவர், ஆட்டோ ஓட்டும் உறவினர் என்று ஒருவருக்கு இந்தச் சோதனைக்கான செலவை ஸதகாவாக ஏற்றுக்கொண்டால், ஒரு குடும்பத்தைப் பெரும் கடனிலிருந்து காப்பாற்றிய நன்மை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். அன்று காக்கிநாடாவில் ஓர் அறக்கட்டளை தன்னை நம்பி வந்த இளைஞனுக்கு நேசக்கரம் நீட்டியது. அவர் அளந்து கண்ட பொருள் இன்று நம் வீட்டுச் சகோதரியின் நோயைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கொடுக்கும்போது அதன் பலன் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. அல்லாஹ் அறிவான்.

மனு கொண்டுவந்த மகனிடம் ஒன்று கேட்டேன். "உனக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறாயா?" அவனுக்கு வயது 29. பார்த்ததில்லை என்றான். தாய்க்கோ தந்தைக்கோ சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, அன்றே பார்க்க அனுப்பினேன். எல்லைக்கோட்டில் இருந்தது. இப்போது ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தினமும் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கிறான். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் நீங்களும் உங்களிடமும் உங்கள் வீட்டுப் பெண்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்